ஒன்பது என்று குறித்த பிள்ளைகள்

ஜனவரி 6, திங்கள்

இரண்டாம் ஆண்டுச் சுற்று இன்று தொடங்குகிறது. காலை ஏழரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மூச்சளக்கும் மெஷினை எடுத்து மேஜையில் வைத்தேன். மூன்று லிட்டர் சிரிஞ்சால் காற்றைத் தள்ளிப் பார்த்ததில் மூன்று தடவையும் சரியாக மூன்று லிட்டர் காட்டியது. மெஷின் சரியாக இருந்தால் மீதி வேலை என் கையில்.

ஆஸ்பத்திரி கொடுத்த நோட்டில் தேதி, பள்ளி, எண்ணிக்கை எழுதத்தான் இடம். அதனால் இது என் சொந்த நோட்டு. போன வருஷம் எழுதாமல் விட்டது வருத்தமாக இருந்தது. இந்த வருஷம் விடுவதாக இல்லை.

இந்த ஆராய்ச்சி என்னவென்று யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். பொள்ளாச்சிப் பக்கம் நான்கு பள்ளிகள். இரண்டு பள்ளிகள் தென்னை நார் மில்லை ஒட்டியவை. மற்ற இரண்டின் பக்கத்தில் மில்லே கிடையாது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை நானூற்று எண்பது பிள்ளைகள். மூன்று வருஷம் அவர்களை ஊத வைத்து, நுரையீரல் எப்படி வளர்கிறது என்று அளக்கிறோம். தலைமை டாக்டர் நஸ்ரீன். ஊத வைப்பது நான், தமயந்தி.

பார்க்கிறவர்களுக்கு இது சுலபமான வேலையாகத் தெரியும். மூக்கில் கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, நெஞ்சு நிறைய இழுத்து, வெடித்தாற்போல் ஊத வேண்டும். ஊதியதை நிறுத்தாமல் கடைசிச் சொட்டுக் காற்று வரைக்கும் தள்ள வேண்டும். அதுவும் மூன்று தடவை, மூன்றும் ஒன்றுபோல். பெரியவர்களே திணறுவார்கள். நான் எட்டு வயசுப் பிள்ளைகளை ஊத வைக்கிறேன். எட்டுத் தடவை முயன்றும் சரியாக வராவிட்டால் தாளில் 9 என்று குறிக்க வேண்டும். 9 என்றால் முயற்சி போதவில்லை என்று அர்த்தம். அந்தப் பிள்ளை முடிவுகளில் சேராது.

போன வருஷம் நானூற்று எண்பதில் இருபது பேர்தான் 9. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குச் சுத்தமான பதிவு. "சென்னையிலகூட இவ்வளவு சுத்தமா வரல தமயந்தி" என்று ஆண்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் டாக்டர் சொன்னார். இந்த வருஷம் என் குறி தொண்ணூற்றெட்டு.

ஜனவரி 8, புதன்

செம்மேட்டுப்புதூர் நடுநிலைப்பள்ளி. பள்ளியின் பின்சுவருக்கு அந்தப்புறம் நார் மில். மட்டையை அடித்து நார் எடுப்பது ஷெட்டுக்குள்ளே. நாரிலிருந்து தூளைச் சலித்தெடுக்கும் மெஷின் வெளியே, சுவரை ஒட்டி நிற்கிறது. எனக்குக் கொடுத்த வகுப்பறையின் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தது. சாத்திவிட்டேன். அப்படியும் பன்னிரண்டு மணிக்குள் என் மெஷின் மூடியை இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது.

இருபத்தெட்டுப் பிள்ளைகள் ஊதினார்கள். "சைக்கிள் டியூபைப் பிடுங்கிவிட்டா காத்து எப்படிப் போகும்? நடுவுல நின்னு யோசிக்குமா?" என்று கேட்டேன். "நிக்காதுங்க" என்று கத்தினார்கள். "அப்ப நீங்களும் நிக்கக் கூடாது." இது எப்போதும் பலிக்கும்.

நான்கு பேருக்கு 9. அதில் ஐந்தாம் வகுப்பு கவிப்பிரியா ஒருத்தி. பத்து வயது, நூற்று முப்பத்திரண்டு சென்டிமீட்டர். ஆரம்பத்தில் நன்றாக ஊதுகிறாள். இரண்டாவது விநாடியில் இருமி நிறுத்திவிடுகிறாள். எட்டுத் தடவையும் அப்படியே. போன வருஷமும் இதே கதைதான். சில பிள்ளைகள் பிடிவாதம். நான் கோபப்படவில்லை. 9 என்று எழுதி, போகச் சொன்னேன். போகும்போது என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஜனவரி 9, வியாழன்

குழாய் வடிகட்டி தீர்ந்துபோயிற்று. இருநூறு கேட்டு எழுதினேன். வீட்டில் தண்ணீர் வந்தது, பதினோரு நாளுக்குப் பிறகு. எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டுத்தான் பஸ் பிடித்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

செம்மேட்டுப்புதூர் முடிந்தது. நூற்றிருபது பேர். மூன்று நாளில் 9 மொத்தம் பதினொன்று. போன வருஷத்துப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய அதே பெயர்கள்.

மதியம் தலைமையாசிரியை பத்மாவதி டீச்சர் தன் டிபன் பாக்ஸிலிருந்து தயிர்சாதம் பகிர்ந்து கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். சத்தமாகப் பேசுகிறவர் அல்ல.

"அந்தச் சலிக்கிற மெஷினைக் கொஞ்சம் தள்ளி வைங்கன்னு பஞ்சாயத்துல எழுதிக் கொடுத்தேனுங்க" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"மில்லுக்காரரு உங்க ரிப்போர்ட்டைக் கொண்டாந்து காட்டினாருங்க. ஆஸ்பத்திரிக்காரங்களே ஊதிப் பாத்து ஒண்ணுமில்லேன்னுட்டாங்க, அப்புறம் எதுக்குத் தள்ளி வைக்கணும்னு கேட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலைங்க."

போன வருஷ ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருந்தது. மில் பக்கத்துப் பள்ளிக்கும் மற்றப் பள்ளிக்கும் பெரிய வித்தியாசமில்லை. நாங்கள் அளந்ததைத்தான் எழுதினோம். மெஷினை எங்கே வைப்பது என்பது என் வேலை இல்லை. டீச்சரிடம் அப்படிச் சொல்லவில்லை. தயிர்சாதம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 21, செவ்வாய்

பொங்கல் லீவு முடிந்து, மில் இல்லாத பக்கத்துப் பள்ளி. என்ன பிள்ளைகள். ஒரே நாளில் ஐம்பத்தோரு பேரை முடித்தேன். ஒரு 9 கூட இல்லை. ஒருத்தி குழாயை வாயில் வைத்த வேகத்தில் கம்ப்யூட்டரில் கோடு மலைபோல் ஏறி வழுவழுவென்று இறங்கியது. இந்தப் பள்ளியில் ஒழுக்கம் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொன்னால் கேட்கிறார்கள்.

மைத்துனி கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். பதினைந்து நாள் ஆகுமாம்.

ஜனவரி 30, வியாழன்

புள்ளிவிவரப் பிரிவு பாலமுரளி போன் செய்தான். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"அக்கா, ஒரு சந்தேகம். போன வருஷம் ஒன்பது போட்ட இருபது பேரும் எந்தெந்த ஸ்கூல்?"

"எல்லா ஸ்கூல்லயும்தான் இருப்பாங்க. எதுக்கு?"

"சும்மா கேட்டேன். என்கிட்ட இருக்கற தாள்ல அவங்களை எடுத்துட்டுத்தான் அனுப்பிச்சிருக்கீங்க. பேர் இருந்தா நல்லா இருக்கும்."

எடுத்துவிட்டு அனுப்பச் சொல்வதுதான் விதி. பத்தொன்பது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். ஊத வைக்க எனக்குத் தெரியாது என்று மறைமுகமாகச் சொல்கிறானோ என்று தோன்றியது. சனிக்கிழமை எண்ணிச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எண்ணிக் கொடுத்தால் வாயை மூடுவான்.

பிப்ரவரி 1, சனி

எண்ணினேன்.

செம்மேட்டுப்புதூர் 12. இன்னொரு மில் பக்கத்துப் பள்ளி 7. மற்ற இரண்டு பள்ளியும் சேர்த்து 1.

இதற்குக் காரணம் இருக்கிறது. மில் பக்கத்துப் பள்ளிகளில் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் அதிகம். காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள். தூசி வேறு. தூசியில் இருமல் வருகிறது. இருமல் வருவதால் முழுசாக ஊத முடியவில்லை. முழுசாக ஊத முடியாததால் பதிவு சரியாக வரவில்லை. என் மேல் தவறில்லை.

இட்லிக்கு ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் மாவு அரைத்துவிட்டு, பாலமுரளிக்கு என்ன பதில் சொல்வது என்று பார்க்க நேற்று எழுதியதைப் படித்தேன்.

தூசியில் இருமல் வருகிறது. இருமல் வருவதால் முழுசாக ஊத முடியவில்லை. என் கையெழுத்துதான்.

இந்த இரண்டு வரிக்குள் எங்கள் ஆராய்ச்சி முழுவதும் இருக்கிறது. இருமி ஊத முடியாத பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று வருஷம் ஊர் ஊராகப் போகிறோம். அந்தப் பிள்ளைகள் வந்து என் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொருவராக வெளியே அனுப்பினேன். மீதி இருந்தவர்களை அளந்து, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தோம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, "மாவு பொங்கிடுச்சு, பாத்திரம் மாத்தலையா" என்று கேட்டார். மாற்றினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அரைநாள் லீவு போட்டுவிட்டு மெஷின் இல்லாமல் செம்மேட்டுப்புதூர் போனேன். சந்தேகம் சந்தேகமாகவே இருக்கக் கூடாது. பட்டியலில் இருப்பவர்களைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

விளையாட்டுப் பீரியட். மைதானத்தில் ஐந்தாம் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. கவிப்பிரியா வேப்பமரத்தடியில் எல்லோருடைய தண்ணீர் பாட்டில்களுக்கும் காவல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் கண்ணு, நீ விளையாடலையா?"

"நான் பாட்டில் பாத்துக்கறனுங்க."

"தெனமும் நீதானா?"

"ஆமாங்க."

அவள் கழுத்தடியில் காறை எலும்புக்கு மேல் இருக்கும் குழி, மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே போய்வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. இதைப் பார்க்கத் தெரியாதவள் அல்ல நான். ஜனவரி எட்டாம் தேதி அவள் என் முன்னால் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தடவை ஊதிப் பாக்கலாமா? டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்."

"நான் ஊதமாட்டனுங்க."

"ஏன்?"

"நீங்க ஏமாத்தறேன்னு சொல்லுவீங்க."

அவள் என்ன சொல்கிறாள் என்று புரிந்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

டாக்டர் நஸ்ரீன் அறையில் பட்டியலை மேஜை மேல் வைத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். மேடம், போன வருஷ ரிப்போர்ட் தப்பு. மூச்சிளைப்பு இருக்கிற பிள்ளைகளைத்தான் நான் ஒன்பது என்று போட்டு வெளியே தள்ளியிருக்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டியலை இரண்டு தடவை படித்தார்.

"பன்னெண்டு, ஏழு, ஒண்ணு" என்றார். "இதை நான் கேட்டிருக்கணும். சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் சுத்தமா இருக்குன்னு கேக்கல. அந்த ஊதல் எல்லாம் மெஷின்ல இன்னும் இருக்கா?"

"இருக்கு மேடம். நான் எதையும் அழிக்கல."

திறந்து பார்த்தோம். கவிப்பிரியாவின் போன வருஷத்து எட்டு ஊதலும் வரிசையாக வந்தன. எல்லாமே பாதியில் நின்றவை. ஆனால் முதல் ஒரு விநாடி எட்டிலும் முழுசாக இருந்தது. எட்டும் ஒன்றுபோல் இருந்தன. கோடு ஏறி, இறங்கும் இடத்தில் கிண்ணம்போல் குழிந்திருந்தது. மூச்சுக்குழல் சுருங்கியவர்களுக்குத்தான் அப்படி வரும்.

"முயற்சி பண்ணாத பிள்ளைக்கு எட்டுத் தடவையும் ஒரே மாதிரி வராது" என்றார் டாக்டர்.

எனக்கும் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கணும். ஏன்னு எழுதணும். உங்க பேர் வரும் தமயந்தி."

"வரட்டும் மேடம். என் பேர் இல்லாம எழுதினா மெஷின் மேல பழி போயிடும். மெஷின் சரியாத்தான் இருந்தது."

அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொன்னேன். மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பார்களா தெரியாது. அதை இப்போது யோசிக்கப் போவதில்லை. முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு வைத்தியம். பத்தொன்பதாம் தேதி டாக்டரே செம்மேட்டுப்புதூருக்கு வருகிறார். பெற்றோரிடம் நான் பேசிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

இரண்டு நாளில் பதினோரு வீடு. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பட்டியலில் ஒரு குடும்பம் காங்கேயம் பக்கம் போய்விட்டது. போன் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்று மதியம் கவிப்பிரியாவின் அம்மா தேவகி. மில்லில் நார் காயவைக்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்தார். முப்பது வயதுக்கு மேல் இராது. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறியபோது எனக்கே தும்மல் வந்தது.

"இளைப்புங்களா? அது எங்க மாமனாருக்கு இருந்துதுங்க. சின்னப்புள்ளைக்கு எப்படிங்க வரும்?"

"வரும்மா. டாக்டர் பாத்துச் சொல்லட்டும். மருந்து இருக்கு."

"மூச்சுக்கு இழுக்கற பம்பு வைக்கச் சொல்லுவீங்களா? பொட்டப்புள்ளைங்க. பம்பு வெச்சுக்கிட்டிருந்தா நாளைக்கு ஊரு ஒண்ணு பேசும்."

"மூச்சு விட முடியாம மரத்தடியில உட்கார்ந்திருந்தா ஊரு பேசாதாம்மா? பம்பு வெச்சா அவ ஓடுவா. ஓடறவளைப் பத்தி யார் என்ன பேசறது?"

யோசித்தார். பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடும்போதே சொன்னார்:

"போன வருசமும் நீங்கதானுங்களே வந்தது? ஆஸ்பத்திரி ஆளுங்க முன்னாடி இவ நடிக்கறா, அடம் பண்றான்னு மத்தப் புள்ளைங்க வந்து சொல்லுச்சுங்க. எனக்கு மானமே போயிருச்சு. நல்லா நாலு போட்டேன் அன்னிக்கு."

மூன்று நாற்பது பஸ் ஏழு நிமிடம் தாமதம். பொள்ளாச்சியில் இறங்கி மாறும்போது உட்கார இடம் கிடைத்தது. கோவை வந்து சேர ஐந்தரை. ரவிக்கை இன்னும் தைக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எழுத வேண்டியதில்லை என்று நான்காம் தேதி எழுதினேன். எழுதத்தான் வேண்டும்.

போன வருஷம், நாலாம் வகுப்பு. கவிப்பிரியா ஏழாவது தடவையும் இருமி நிறுத்தினாள். வரிசையில் முப்பது பிள்ளைகள் நின்றார்கள். நான் அவள் கையிலிருந்து குழாயை வாங்கி, "பாத்தீங்களா, இப்படி நடிச்சு ஏமாத்தக் கூடாது. இவ மாதிரி யாரும் பண்ணாதீங்க" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் எட்டாவது தடவை ஊதச் சொன்னேன். ஊதினாள்.

அவ்வளவுதான் நடந்தது.

பிப்ரவரி 19, புதன்

நல்ல நாள். விவரமாக எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்கே டாக்டரும் நானும் செம்மேட்டுப்புதூரில் இருந்தோம். பத்மாவதி டீச்சர் மில்லுக்கு எதிர்ப்பக்க வகுப்பறையைக் காலி செய்து, தரையை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். பதினோரு பிள்ளைகள், பதினோரு அம்மா அல்லது அப்பா. முதலில் டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு ஊதல். பிறகு பிளாஸ்டிக் குடுவை வழியாக மருந்து. கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதல்.

இந்தத் தடவை நான் கம்ப்யூட்டரை டாக்டர் பக்கம் திருப்பிவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்த்தேன். கடைசி வரைக்கும் ஊத வேண்டும் என்று கேட்கவில்லை. "முதல் வேகம் போதும். இருமல் வந்தா இருமிக்கோ, தப்பில்ல" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு இருமல்கூடக் குறைவாகத்தான் வந்தது.

கவிப்பிரியா கடைசியாக வந்தாள். தேவகி அரைநாள் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தார். பிள்ளை குழாயை வாங்கவில்லை. டாக்டரையே பார்த்தாள்.

"நீங்க வேணா ஊத வைங்க" என்றாள் டாக்டரிடம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷத்தில் என் நாற்காலியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. இன்றைக்கு அது சரியான காரியம்.

மருந்துக்கு முன்னால் முதல் விநாடியில் 0.92 லிட்டர். அவள் உயரத்துக்கு 1.65 வர வேண்டும். மருந்துக்குப் பிறகு கால் மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் ஆனதும் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். தேவகி எங்களைப் பார்த்து, "நெஞ்சுல இருந்த கல்லு எங்கியோ போயிருச்சுன்னு சொல்றாளுங்க" என்றார்.

மறுபடி ஊதினாள். 1.31. நிறுத்தாமல் ஆறு விநாடி. டாக்டர் "விடாதே, விடாதே" என்று சொல்லத் தெரியாமல் சொன்னார். நான் பின்னாலிருந்து கையை மட்டும் ஆட்டிக் காட்டினேன்.

பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு மருந்து வேலை செய்தது. போன வருஷம் இந்தப் பள்ளியில் இளைப்பு ஐந்து பேருக்கு என்று எழுதியிருந்தோம். இன்றைக்குப் பதினான்கு. அடுத்த வாரம் இன்னொரு மில் பக்கத்துப் பள்ளியில் ஏழு பேர்.

பம்பை எப்படிப் போடுவது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தடவை செய்துகாட்டினேன். போட்ட பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதில் ஒருவரும் தவறவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

பாலமுரளிக்கு நானே போன் செய்து, அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று சொன்னேன். "ஐயோ அக்கா, நான் சும்மாதான் கேட்டேன்" என்றான். இனிமேலும் சும்மா கேள் என்றேன்.

மார்ச் 5, புதன்

பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம். டாக்டர் நஸ்ரீன், பத்மாவதி டீச்சர், தலைவர், மில் பங்குதாரர் நாச்சிமுத்து, நான். பெற்றோர் வாசல் வரைக்கும் நின்றார்கள். டாக்டர் திருத்திய ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னார்.

நாச்சிமுத்து அறுபது வயதுக்காரர். கத்தவில்லை. கையில் போன வருஷத்து ரிப்போர்ட், பிளாஸ்டிக் உறை போட்டு.

"டாக்டரம்மா, நான் படிக்காதவன். போன வருசம் ஒண்ணுமில்லேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. இந்த வருசம் இருக்குதுங்கறீங்க. அடுத்த வருசம் வேற ஒண்ணு சொல்லுவீங்க. நான் எதைக் கேட்டு மெஷினை நகத்தறது?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் எழுந்தேன்.

"அது நான் பண்ணின தப்புங்க. ஊத முடியாத பிள்ளைகளை ஊதத் தெரியாதவங்கன்னு எழுதி எடுத்துட்டேன். மீதிப் பேரை வெச்சுத்தான் அந்த ரிப்போர்ட். ஒரு லாரி மட்டையில அழுகினதை எல்லாம் பொறுக்கி எறிஞ்சுட்டு, மீதியைக் காட்டி, லோடு பூரா நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்கமாட்டேன்."

"நான் அதைத்தான் செஞ்சிருக்கேன். இப்ப எறிஞ்சதையும் எண்ணியிருக்கோம்."

அவர் வாசலில் நிற்பவர்களைப் பார்த்தார். அங்கே நின்றதில் பாதிப் பேர் அவருடைய மில் ஆட்கள்.

"யார் யாரோட புள்ளைங்கன்னு தெரியுமா?" என்று தலைவரிடம் கேட்டார்.

பெயர் சொல்லக் கூடாது என்று டாக்டர் தொடங்குவதற்குள் தேவகி வாசலிலிருந்தே, "என்ற புள்ளை ஒண்ணுங்க" என்றார். அதற்குப் பிறகு இன்னொரு பெண். பிறகு ஓர் அப்பா. மொத்தம் ஆறு பேர்.

சலிக்கும் மெஷின் மே மாத லீவுக்குள் தோப்புப் பக்கம் போகும். அதுவரை பள்ளி விட்ட பிறகுதான் ஓடும். தூள் குவியலுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். தலைவர் எழுதினார், நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டார். மெஷினுக்கு மேல் ஷெட் போடச் சொல்லிக் கேட்டோம். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.

மார்ச் 10, திங்கள்

நெறிமுறைக் குழு முன்னால் அரைமணி நேரம். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒப்பந்தம் ஒரு வருஷம் நீட்டிப்பு. 9 என்ற எண்ணை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: முயற்சி போதவில்லை என்பது ஒன்று, முயன்றும் முடியவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது எண் விழுந்தால் அந்தப் பிள்ளையை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அந்த வரியை எழுதியது நான்.

மார்ச் 14, வெள்ளி

மருந்து எப்படிப் போகிறது என்று பார்க்கச் செம்மேட்டுப்புதூர் போனேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. பத்மாவதி டீச்சரிடம் கேட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புக்குள் போனேன். போன வருஷம் வரிசையில் நின்ற அதே பிள்ளைகள்.

"போன வருஷம் நான் உங்க முன்னாடி கவிப்பிரியா நடிக்கறான்னு சொன்னேன். உங்களையும் சிரிக்க வெச்சேன். அவ நடிக்கல. அவளுக்கு மூச்சுக்குழல் சுருங்கியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. நான் கண்டுபிடிக்காம அவளைத் திட்டினேன். தப்பு என்னோடது."

முன் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கி, "அப்ப இனிமே கவியும் கோ-கோ ஆடலாமுங்களா?" என்று கேட்டாள்.

"பம்பு போட்டுட்டு ஆடலாம்."

கவிப்பிரியா தலையைக் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சரி என்று வெளியே வந்து மற்றப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையை முடித்தேன். நாலரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது பின்னாலிருந்து வந்தாள். தோளில் புத்தகப் பை. வேகமாகத்தான் வந்திருந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் அந்தக் குழி உள்ளே போகவில்லை.

"அக்கா."

"சொல்லு கண்ணு."

"எங்கம்மாகிட்டயும் சொல்லுங்க."

"அம்மாவுக்குத்தான் உனக்கு இளைப்புன்னு தெரியுமே."

"அது தெரியுமுங்க. ஏமாத்தலைன்னு சொல்லுங்க."

மில் ஐந்து மணிக்கு விடும். பொள்ளாச்சி பஸ் நாலு ஐம்பதுக்கு. நாங்கள் கேட்டுக்கு எதிரே நின்றோம். பஸ் வந்தது, போனது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்தது ஆறு மணிக்குத்தான் என்றேன். சரிங்க என்றாள்.

தேவகி மற்றப் பெண்களோடு வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் பயந்துபோய் ஓடிவந்து பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தார்.

"ஒண்ணுமில்லைம்மா, நல்லா இருக்கா. நான்தான் பாக்க வந்தேன். போன வருஷம் இவ நடிக்கறான்னு சொன்னது நான். இவ ஏமாத்தவே இல்ல. நான் தப்பாச் சொன்னதாலதான் நீங்க அன்னிக்கு இவளை அடிச்சீங்க."

கூட வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். தேவகி துண்டை அவிழ்த்தவர் அதை உதறாமல் கையிலேயே சுருட்டிக்கொண்டார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"நெசமாலுமே ஊத முடியலையா சாமி உன்னால?"

"முடிஞ்ச வரைக்கும் ஊதுனேன்மா" என்றாள் கவிப்பிரியா.